‘கீழே’ என்றொரு ஊர்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழரின் பேச்சில் ‘கீழே’ என்பது திசையைக் காட்டும் சொல்லாக மட்டும் நின்றதில்லை. அது ஏறத்தாழ ஓர் ஊரின் பெயராகவே வழங்கியது. “கீழ போயிருக்காங்க” என்று ஒரு வீட்டில் சொன்னால், அவ்வீட்டார் தாப்பாவுக்கு இறங்கி, அங்கிருந்து ரயிலோ பேருந்தோ பிடித்து, கோலாலம்பூருக்கோ கிள்ளானுக்கோ, அதற்கும் அப்பால் கடலோரத்துத் துறைமுகத்துக்கோ போயிருக்கிறார்கள் என்று பொருள். அச்சொல் குறித்த நிலப்பரப்பை இன்று அரசு ஆவணங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கு என்கின்றன. உலு கிள்ளான் மலைகளில் தோன்றி, கோலாலம்பூரின் நடுவே கோம்பாக் ஆற்றோடு கலந்து, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடி மலாக்கா நீரிணையில் சேரும் கிள்ளான் ஆற்றின் இருமருங்கும் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்த நகரங்களின் தொகுதி அது. 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் இந்தப் பெருநகர்ப் பகுதிக்குப் பள்ளத்தாக்கு என்று பெயர் வாய்த்தது மலையிலிருந்து இறங்கியவர்களுக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருந்தது. சரிவில் நின்றே வேலை செய்து பழகிய அவர்கள் கண்ணுக்கு அங்கே பள்ளமும் தெரியவில்லை, மேடும் தெரியவில்லை. இதற்கு இணையான ‘மேலே’ என்ற சொல் தோட்டத்தில் வழங்கவில்லை. இருக்கும் இடத்துக்கு எவரும் பெயர் தேடுவதில்லை. அது கீழே போய்த் தங்கிவிட்டவர்கள் வாயில் பிறந்த சொல்.

மலை பஹாங் மாநிலத்தைச் சேர்ந்தது என்றாலும், அதற்கு ஏறும் வழி நெடுங்காலம் பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்தே இருந்தது. 1885இல் இப்பகுதியை அளந்த வில்லியம் கேமரனின் பெயர் மலைக்கு வந்தது. தாப்பாவிலிருந்து சாலை ஏறியதோ 1930களின் தொடக்கத்தில்தான். அதற்குச் சற்று முன்பே, 1929இல் ஜே.ஏ.ரசல், இலங்கையில் தேயிலை பயிரிட்டுத் தேர்ந்த ஏ.பி.மில்னைக் கூட்டாகக் கொண்டு போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் நிறுவனத்தின் தோட்டம் தோன்றியது. ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று படிப்படியாக 1,200 மீட்டரிலிருந்து 1,500 மீட்டர் வரை ஏறும் இச்சரிவுகளைக் காடழித்துச் செடி நட்டவர்களிற் பெரும்பாலோர் தமிழர் என்பதை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மலேசியத் தமிழர் அறிந்த வரலாறு அது.

அவ்வளவாகக் கவனிக்கப்படாத செய்தி ஒன்றுண்டு. மலைக்கு வந்த முதல் தலைமுறை கடற்கரையை ஒரு வாசலாக மட்டுமே கண்டது. நாகப்பட்டினத்திலிருந்து ராஜுலா போன்ற கப்பல்களில் ஏறியவர்கள் பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவிலோ, போர்ட் சுவெட்டன்ஹமிலோ இறக்கப்பட்டு, நோய்த்தடுப்பு முகாமில் வைக்கப்பட்டு, அதன் பின்னரே தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். போர்ட் சுவெட்டன்ஹம் என்பது 1901இல் திறக்கப்பட்டு, 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாற்றப்பட்ட துறைமுகம். முதியோர் அதை வெறுமனே ‘போர்ட்டு’ என்றே கடைசிவரை சொன்னார்கள். இக்கட்டுரையாளரின் பாட்டி, தொழிலாளரைக் கப்பலேற்றி அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்வதற்குச் சற்று முன் வந்து சேர்ந்தவர். கடல் என்றால் அவருக்கு நினைவில் நின்றது அலையோ நீலமோ அன்று. முகாமில் துணிகளை முக்கியெடுத்த மருந்து நீரின் நெடி. அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் கடலைப் பார்க்கவில்லை.

அவர் பார்த்ததெல்லாம் லயம். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுத்துக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு. ஒரு வீட்டு இருமல் மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும். விடியுமுன் ‘பெரட்டு’க்குப் போக வேண்டும், தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் பதிந்து அன்றைய வேலையைப் பங்கிடும் நிகழ்ச்சிக்கு அப்பெயர். மூடுபனியில் முன்னால் நிற்பவர் முதுகு மட்டுமே தெரிய, கங்காணியின் குரலை வைத்தே அவர் நிற்கும் இடத்தை அறிய வேண்டியிருந்தது. பிறகு கொழுந்தெடுத்தல், ஆண்டுகள் சில கழிந்ததும் செடியை இடுப்பளவில் வெட்டிப் புதுத்தளிர் விடச் செய்யும் கவ்வாத்து. இவற்றை நினைவுகூர்வோர் குளிரையும் அட்டையையும் சொல்வார்கள். ஆனால் அந்த வாழ்வின் ஆணிவேர் வேறிடத்தில் இருந்தது. லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை உள்ளவரை வீடு. வேலையிலிருந்து ஓய்ந்தால், குடும்பத்தில் வேறு ஒருவர் பெயர் பதியப்பட்டிருந்தாலன்றி, வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். ஆகவே தோட்டத்தில் ‘நம்ம வீடு’ என்று சொன்ன ஒவ்வொருவரும், மனத்தின் ஒரு மூலையில், என்றாவது ஒருநாள் ‘கீழே’ போக வேண்டியிருக்கும் என்பதை அறிந்தே சொன்னார்கள். கடலோரம் மலையின் எதிர்ப்பதமாக இருந்ததில்லை. மலையின் முடிவுரையாக இருந்தது.

கீழே இறங்கும் பயணம் ஆண்டுக்கு ஒரு முறை, தீபாவளிக்கு முன்னரோ, டிசம்பர் பள்ளி விடுமுறையிலோ நிகழும். தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அந்தத் தொலைவு முழுதும் வளைவு. பிள்ளைகளுக்குக் காலையில் ஒன்றும் கொடுக்கமாட்டார்கள். கையில் ஓர் எலுமிச்சம்பழம், மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. பேருந்துக் கட்டணத்துக்கு வழியில்லாத ஆண்டுகளில் காய்கறி லாரியின் முன்னிருக்கையில் நெருக்கியடித்துக்கொண்டு இரவில் இறங்கியதும் உண்டு. கோசும் தக்காளியும் நகரத்து மொத்தச் சந்தைக்கு விடியுமுன் போய்ச் சேர வேண்டும் என்பதால் அந்த லாரிகள் பகலுக்காகக் காத்திருப்பதில்லை. ரிங்லெட் தாண்டியதும் தேயிலை மறைந்து காடு தொடங்கும். சாலையோரம் பூர்வகுடியினரான ஓராங் அஸ்லி மக்கள் மூங்கிற் குடில்களில் பெத்தாய் கொத்துகளையும் தேனையும் தொங்கவிட்டிருப்பார்கள். காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் திறக்கும். லாத்தா இஸ்கண்டார் அருவி வந்தால் பெரியவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்வார்கள். பிள்ளைகள் கழற்றமாட்டார்கள். குளிருக்குப் போட்டது என்பதைக் காட்டிலும், தாங்கள் மலைக்காரர்கள் என்பதற்குச் சாட்சியாக அணிந்தது அது. கம்பளி ஸ்வெட்டரோடு தாப்பாச் சந்தை வெயிலில் வியர்த்து நிற்கும் பிள்ளைகளைக் கண்டால், எந்த ஊர் என்று எவரும் கேட்க வேண்டியிருக்காது.

தாப்பா ரோடு நிலையத்தில் ரயிலேறி, கோலாலம்பூரில் மாறி, கிள்ளான் வழியாகத் துறைமுகம் போய்ச் சேரும்போது இருட்டிவிடும். தங்குவது அத்தை வீட்டில். அவர் கணவர் துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தார். அந்த வீட்டில் முதல் இரவு எவருக்கும் உறக்கம் வந்ததில்லை. இரவில் 16, 17 டிகிரிக்குப் பழகிய உடம்பு, 27 டிகிரியிலும் ஈரக்காற்றிலும் என்ன செய்வதென்று அறியாமல் புரளும். போர்வை இல்லாமல் படுப்பது ஆடை இல்லாமல் படுப்பதுபோல் கூச்சம் தந்தது. “மலையில இருந்து வந்ததுங்களுக்குக் காத்தாடியை இந்தப் பக்கம் திருப்பு” என்று அத்தை சொல்வதும், காற்றாடி திரும்பியதும் சளி பிடிப்பதும் ஆண்டுதோறும் தவறாமல் நடந்தன. காலையில் கடல். கடல் என்று பாடநூலில் படித்து எதிர்பார்த்த நீலம் அங்கே இல்லை. கிள்ளான் ஆற்றின் கழிமுகம் சேற்றுநிறமாக இருந்தது, கண்டல்காட்டின் அழுகல் மணமும் டீசல் மணமும் கலந்து வந்தன, தொலைவில் கப்பல்கள் நகராமல் நின்றன. மோரிப் கடற்கரைக்கு அழைத்துப் போன ஆண்டில்தான் மணலும் அலையும் காணக் கிடைத்தன. அங்கும் நீர் பின்வாங்கும் வேளையில் போனதால் கடலைத் தொட நெடுந்தூரம் சேற்றில் நடக்க வேண்டியிருந்தது.

ஆனால் கடல் அந்த வருகைகளின் மையப்பொருளாக இருந்ததில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். மையப்பொருள் கிள்ளான் நகரம். தெங்கு கிளானா சாலையின் துணிக்கடைகள், மாலை கட்டும் கடைகள், பலகாரக் கடைகள் ஆகியவற்றின் வழியே நடப்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதிதானதோர் உணர்வைத் தந்தது. நாள் முழுக்கக் கடைக்காரரோடும் காவலாளியோடும் நடத்துநரோடும் தமிழிலேயே பேசி முடிக்கலாம், அவர்களுள் ஒருவர்கூடத் தோட்டத்து ஆள் இல்லை என்பதே அது. தமிழ் என்றால் தோட்டம், தோட்டம் என்றால் தமிழ் என்று எண்ணியிருந்த மனம் அங்கே சற்றுத் திடுக்கிட்டது. 1892இல் தோன்றிய சுந்தரராஜப் பெருமாள் கோயிலின் புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டத்தில், மலைத்தோட்டத்து மக்கள்தொகை முழுவதையும் கொண்டுவந்து நிறுத்தினாலும் ஒரு மூலையைத்தான் நிறைக்கும். நகரத்து அத்தை மகன்கள் “உங்க ஊர்ல டிவி இருக்கா, புலி வருமா” என்று கேட்பார்கள். இரண்டுக்கும் பொய் சொன்னதாகவே நினைவு.

துறைமுகத்து மாமாவின் நண்பர்கள் திண்ணையில் பேசும்போது 1941 அடிக்கடி வரும். அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் ஆர்.எச்.நாதன் முன்னின்ற வேலைநிறுத்தம், கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டது. நாதன் நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் படைவலியால் அடக்கப்பட்டது. இக்கதையை மலையில் எவரும் சொல்லக் கேட்டதில்லை. மேலே, துரையின் வண்டி ஒலி கேட்டால் சாலையோரம் ஒதுங்கி நிற்பது 1960களிலும் இயல்பாகவே இருந்தது. அது பழக்கமன்று, கட்டளை என்பது கீழே போய்த்தான் தெரிந்தது.

பாட்டி இரண்டாம் முறை கடலைப் பார்த்தது 1970 வாக்கில். குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்ற விதி 1969இல் நடைமுறைக்கு வந்தபின், பல்லாயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர் இந்தியாவுக்குத் திரும்பினர். பாட்டியின் தம்பி குடும்பமும் அதில் ஒன்று. லயத்திலிருந்து பதினேழு பேர் வழியனுப்பப் போர்ட்டுக்கு இறங்கினார்கள். வந்தபோது ஏறிவந்த அதே ராஜுலாவா, வேறு கப்பலா என்பதைப் பற்றிப் பாட்டிக்கும் தம்பிக்கும் கடைசி நிமிடம்வரை வழக்கு நடந்தது. கப்பல் நகர்ந்தபின் பாட்டி கேட்டது ஒன்றுதான்: “அவனுக்கு அங்க வீடு யாரு குடுப்பா?” மலையில் வாழ்ந்தவர் கேட்கக்கூடிய கேள்வி அது.

அதற்கு அடுத்த பத்தாண்டில் வந்துபோதல் குடியேற்றமாக மாறியது. தடையற்ற வணிக மண்டலச் சட்டம் 1971இல் வந்தது. மறு ஆண்டு பினாங்கின் பாயான் லெப்பாஸிலும் அதையொட்டிச் சிலாங்கூரின் சுங்கைவேயிலும் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. அவை இளம்பெண்களைத் தேடின. மின்சில்லில் தலைமயிரினும் மெல்லிய கம்பியை ஒட்டுவதற்குப் பொறுமையான விரல் வேண்டும் என்று காரணம் சொல்லப்பட்டது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிப் பழகிய விரல்கள் மலையில் நிரம்ப இருந்தன. பொறுமையான விரல் என்பது குறைந்த கூலிக்கு இட்ட அழகான பெயர் என்பதைப் பின்னர் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆயினும், தன் சம்பளத்தைத் தன் பெயருக்கு வந்த உறையில் வாங்கிய முதல் தலைமுறைப் பெண்கள் அவர்களே என்பதை அந்த ஆய்வுகள் போதிய அளவு சொல்லவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அக்காமார் இருவர் அப்படி இறங்கினார்கள். அவர்களை ஒட்டித் தம்பிமார். கடைசியில், ஓய்வு பெற்று வீட்டைத் திருப்பிக் கொடுத்த பெற்றோர்.

இறங்கியவர்கள் முதலில் தங்கியது பெரும்பாலும் புறம்போக்கில். பட்டா இல்லாத அரசு நிலத்தில், ரயில் பாதையோரமும் ஆற்றோரமும், பலகையும் தகரமும் கொண்டு கட்டிய குடியிருப்புகளுக்கு மலேசியத் தமிழர் வழங்கும் பெயர் அது. மழைக்காலத்தில் கிள்ளான் ஆறு வீட்டுக்குள் வந்து போகும். மலையில் மண் சரியும், கீழே நீர் ஏறும்; இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் கேட்டால் அது அடுக்குமாடியின் பதினொன்றாம் தளத்தில் கிடைத்தது. வசதி வந்தவர்கள் ‘தாமான்’களுக்குப் போனார்கள். தாமான் என்பது வரிசை வீடுகள் கொண்ட புறநகர்க் குடியிருப்புக்கு இந்நாட்டில் வழங்கும் மலாய்ச் சொல். அதன் நேர்ப்பொருள் பூந்தோட்டம். தோட்டத்தை விட்டு இறங்கியவர்கள் மறுபடியும் தோட்டம் என்று பெயருள்ள இடத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். அங்கும் வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாகவே இருந்தன, அடுத்த வீட்டு இருமல் அங்கும் கேட்டது. வேறுபாடு ஒன்றுதான், அது சிறியதன்று: மாதத் தவணை கட்டி முடித்தால் வீடு சொந்தம். பழைய தொழிலாளி ஒருவர் தம் தாமான் வீட்டு வாசலில் தொட்டியில் தேயிலைச் செடி வைத்து ஆண்டுகள் பல கவ்வாத்துச் செய்துவந்தார். வெயிலில் அது பிழைக்காது என்றவர்களிடம், போ நிறுவனத்துக்கே கோலா லங்காட்டில் புக்கிட் சீடிங் என்ற தாழ்நிலத் தேயிலைத் தோட்டம் இருப்பதைச் சுட்டிக்காட்டுவார்.

இன்று ஓட்டம் எதிர்த்திசையில். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையடைந்தது, சிம்பாங் பூலாய் வழியாக இரண்டாம் மலைச்சாலை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் திறந்தது. இவற்றுக்குப் பின் பெருநகரத்தின் கார்கள் ஒவ்வொரு நீண்ட விடுமுறையிலும் மலையை நிரப்புகின்றன. சுங்கை பாலாஸில் சரிவுக்கு மேலே நீண்டு நிற்கும் தேநீர் மேடையில் நின்று படம் எடுத்துக்கொள்பவர்களுள், அந்தச் சரிவுகளில் கூடை சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். நுழைவிடத்தில் அவர்களும் வரிசையில்தான் நிற்கிறார்கள். ஸ்வெட்டரை இப்போது மேலே போகும் வழியில் வாங்குகிறார்கள். கொழுந்தை விரலால் கிள்ளுவது அருகி, கத்தரியும், இருவர் இருபுறமும் பிடித்துச் செடிமேல் இழுத்துச் செல்லும் இயந்திரமும் வந்துவிட்டன. அவற்றைப் பிடித்திருப்போர் பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள்.

வெளியுலகம் எழுதிய கேமரன் மலை நூல்களில், தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் 1967இல் இம்மலையில் நடக்கப் போனவர் திரும்பாமல் மறைந்தது தவறாமல் இடம்பெறும். ஒருவர் காணாமற்போனதற்கு இத்தனை நூல்கள். லயங்கள் வரிசை வரிசையாகக் காலியானதற்கு ஒரு பக்கமும் இல்லை. தமிழ் மரபு மலைக்குக் கூடலையும் கடற்கரைக்கு இரங்கலையும் உரிமையாக்கியது. இங்கே முறை மாறிக் கிடக்கிறது: உறவினர் கூடும் திருமணமும் திருவிழாவும் கிள்ளானில், இரங்கலுக்கு மலை.

மலை கீழே இறங்கியதற்கு இன்னொரு சான்று நீர். பெர்த்தாம், தெலோம் ஆறுகள் இயல்பாகக் கிழக்கே பாய்ந்து பஹாங் ஆற்றோடு தென்சீனக் கடலைச் சேர வேண்டியவை. ரிங்லெட்டில் 1963இல் முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையும் அதைச் சார்ந்த சுரங்க வழிகளும் அந்நீரின் பெரும்பகுதியை மின்னுற்பத்திக்காக மேற்கே திருப்பி, பேராக்கின் பாத்தாங் பாடாங் ஆற்றில் விட்டன. அது மலாக்கா நீரிணையை அடைகிறது. மக்கள் இறங்கிய பக்கமே ஆறும் இறக்கப்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் இக்கட்டுரையாளர் தாம் பிறந்த லயத்தைத் தேடிப் போனபோது, வரிசை அப்படியே இருந்தது. கூரைத் தகடு மட்டும் புதிது. அவர் வளர்ந்த ஆறாம் வீட்டில் நேப்பாள இளைஞர் நால்வர் குடியிருந்தனர். அவர்களுள் ஒருவர் மலாயில் பேசினார், உள்ளே வந்து பார்க்கச் சொன்னார், பால் சேர்க்காத தேநீர் கொடுத்தார். அடுப்பு இருந்த இடத்தில் எரிவாயு உருளை நின்றது. சுவரில் உயரம் குறித்த பென்சில் கோடுகள் வண்ணத்துக்கு அடியில் போய்விட்டன. நாளை எத்தனை மணிக்கு வேலை என்று கேட்டதற்கு, “பெரட்டு ஆறு மணிக்கு” என்றார். எல்லாம் மலாய், அந்த ஒரு சொல் மட்டும் தோட்டத்துத் தமிழ். தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் தங்கும் விடுதிகளுக்குக் குறைவில்லை. பிறந்த ஊரில் படுக்க வாடகை கொடுப்பதற்கு மனம் ஒப்பாமல் அவர் அன்று மாலைப் பேருந்திலேயே இறங்கி, இரவு பதினோரு மணிக்குக் கிள்ளான் வீட்டை அடைந்தார்.